ஈரலுக்குள் ஓவர்டைம்

ஆம்பூரில் ஈரல் என்று சொன்னால் யாருக்கும் முதலில் மிளகு வறுவல்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் வயிற்றுக்குள்ளும் ஒன்று இருக்கிறது, அது வலது பக்க விலாவுக்கு அடியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிறது என்பதெல்லாம் ஐம்பதை நெருங்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துத் தெரிந்துகொண்டேன்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் "உனக்கு இன்னாதான் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். நானும் ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொரு மாதிரி சொல்லி வைத்ததில், ஊருக்குள் என் வியாதிக்கு இப்போது நாலைந்து பெயர் இருக்கிறது. ஒருத்தர் கேன்சர் என்கிறார். இன்னொருத்தர் செய்வினை என்கிறார். அதனால் புரிந்ததை ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். புரிந்தது கொஞ்சம்தான். புரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன், இல்லாவிட்டால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

என் பெயர் சாமுவேல். தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை. பெண்ணுக்குப் பவுடர் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுவது மாதிரி, பதம் பண்ணின தோலுக்கு ஸ்ப்ரே கன்னில் கலர் அடித்து வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுகிற இடம். ஷிஃப்ட் முடிந்ததும் நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று கை கழுவுவோம். தண்ணீரில் இல்லை. அந்தக் கலர் தண்ணீருக்கும் சோப்புக்கும் மசியாது. கலரைக் கரைக்கிற தின்னர் டிரம்மில் ஒரு மக் மொண்டு, முழங்கை வரைக்கும் தேய்த்து ஊற்றிக்கொள்வோம். சில்லென்று இருக்கும். ஊற வைக்கிற தொட்டிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வாடை வீடு வரைக்கும் கூட வரும். நாங்கள் வெள்ளைக் கையோடு வெளியே வருவோம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பாங்க்கில் வேலை பார்க்கிறவன் என்று யாராவது நினைத்தாலும் நினைக்கட்டுமே என்று ஒரு அல்ப சந்தோஷம்.

இரண்டாயிரம் பிறந்த புதுசு. கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று ஊரே பயந்து, கடைசியில் ஒன்றும் நிற்கவில்லை. நின்றுபோனது நான்தான். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். உடம்பெல்லாம் அரிப்பு. என் மனைவி எஸ்தர் சபைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளின் கண், மூக்கு, நகம் பார்த்தே பழகினவள். ஒரு நாள் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"கண்ணு ஏங்க இப்டி மஞ்சளா கீது?"

"கம்பெனியில இந்த வாரம் மஞ்ச கலர் ஓடுது. பறந்து வந்து உழுந்திருக்கும்."

"கண்ணுக்குள்ளயா?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி எஸ்தர். எங்க வேணா போய் ஒட்டும்."

அடுத்த வாரம் கம்பெனியில் கறுப்பு ஓடியது. கண் மஞ்சளாகவே இருந்தது.

கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். கண் கொஞ்சம் தெளிந்தது, உடம்பு தெளியவில்லை. ஊர் டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எவ்ளோ குடிப்பீங்க?"

"குடிக்க மாட்டேன் சார்."

"பரவால்ல, சொல்லுங்க. எப்பவாவது?"

"திருவிருந்துல ஒரு சொட்டு திராட்சரசம். அதுவும் மாசத்துக்கு ஒரு வாட்டி."

அவர் சிரித்தார். ஜோக் அடிக்கிறவனுக்கு இது ஒரு கஷ்டம். உண்மையைச் சொன்னாலும் ஜோக் கணக்கில்தான் வைப்பார்கள். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே போய் உட்கார்ந்தால், முக்கால்வாசிப் பேர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். ரயிலேறி நாள் கணக்காகப் பயணம் பண்ணி வந்தவர்களுக்கு எந்தக் கவுண்டர் எதற்கு என்று தெரிந்திருந்தது. பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த நான் ரத்தம் கொடுக்கிற வரிசை என்று நினைத்துப் பல் பிடுங்குகிற வரிசையில் நின்றேன். ஒரு வங்காளத்துப் பெரியவர்தான் என் சீட்டைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சரியான இடத்தில் நிறுத்தினார். சொந்த ஜில்லாவில் எனக்கு வழிகாட்டி.

ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஈரலில் வேலை செய்கிற செல் விஷம் பட்டு உடைந்தால், அதற்குள் இருக்கிற சரக்கு ரத்தத்தில் கொட்டுமாம். எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று அளந்தால், எவ்வளவு உடைந்திருக்கிறது என்று தெரியுமாம். எனக்கு நிறையவே கொட்டியிருந்தது. காமாலைக் கிருமி இருக்கிறதா என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. ஸ்கேனில் ஈரல் கொஞ்சம் வீங்கி, சொரசொரவென்று தெரிகிறது என்றார்கள். அப்புறம் பயாப்ஸி. விலா எலும்புக்கு நடுவில் ஊசியை விட்டு, ஈரலிலிருந்து நூல் மாதிரி ஒரு துண்டை உருவி எடுப்பது.

"மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க. அசையக் கூடாது" என்றார் சின்ன டாக்டர். அருண் என்று பெயர். ஒல்லி. நடக்கும்போதும் ஓடுகிற மாதிரியே இருப்பார்.

நான் மூச்சை நிறுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். தோள்பட்டையில் வலித்தது. வயிற்றில் குத்தினால் தோளில் ஏன் வலிக்கிறது என்று இன்று வரை எனக்குக் குழப்பம்தான். நரம்பு அப்படி ஓடுகிறதாம்.

ரிசல்ட் வந்தது. ஈரலுக்குள் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறது. இன்னும் சுருங்கிப்போகவில்லை, ஆனால் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. சுருங்கிவிட்டால் திரும்பி வருவது கஷ்டம், வயிற்றில் நீர் கோக்கும், ரத்த வாந்தி வரும், அப்புறம் ஆண்டவர்தான் என்று பெரிய டாக்டரம்மா எஸ்தரிடம் சொன்னார். நரைத்த தலை, மெதுவான குரல். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கம்பெனி காத்துல ஏதாவது இருக்கலாம். லீவு போடுங்க. வீட்டுல இருங்க. எதனால வந்திருந்தாலும் அது நின்னா ரத்தத்துல தெரியும். கம்மியாகும்."

லீவு போட்டேன். வீட்டில் இருந்தேன். எஸ்தர் உப்பைக் குறைத்தாள், எண்ணெயை நிறுத்தினாள். நான் வெறும் ரசத்தை முகம் சுளித்துக் குடிப்பதைப் பார்த்து, என் மகள் ஜெபா தானும் அதையே சாப்பிட ஆரம்பித்தாள். "எனக்கும் இதாம்பா புடிக்குது" என்று பொய் சொல்வாள். அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலூர்ப் பக்கம் சத்துவாச்சாரியில் ஒரு குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் உடம்பு கொஞ்சம் தேறினதும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இதில்தான் என் கை வந்து நின்றது. வேலையில் இருக்கும்வரை தினமும் கழுவியதால் தெரியவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்க்கும்போதுதான், நகத்துக்கு அடியிலும் விரல் ரேகையிலும் வருஷக் கணக்கில் இறங்கின கலர் கறுநீலமாகத் தெரிந்தது. எங்கள் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்தால் கைகூப்பி 'ஸ்தோத்திரம்' சொல்வார்கள். பெண்ணைப் பெற்றவனின் கை, சம்பந்தி கண்ணுக்கு நேராகத்தான் வந்து நிற்கும். ஒளிக்க முடியாது.

என்னோடு ஸ்ப்ரே அடிக்கிற ரஷீத் பாயிடம் சொன்னேன்.

"இதுக்குப் போயி பேஜார் ஆவுறியா தோஸ்த்? நான் எடுத்தாறேன்" என்றார்.

இருமல் மருந்து பாட்டிலில் தின்னர் வந்தது. காலையில் எஸ்தர் பள்ளிக்கூடம் போனதும், பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிக் கையை ஊறப் போட்டுவிட்டுப் பேப்பர் படிப்பேன். கம்பெனியில் தேய்த்துக் கழுவுவதோடு சரி. வீட்டில் நிதானமாக, உட்கார்ந்து, விளம்பரம் வரைக்கும் படித்து முடிக்கிற நேரம். பாட்டில் காலியானால் பாய் அடுத்ததைக் கொண்டுவருவார். உடம்பு முடியாதவனுக்கு மனுஷன் செய்கிற உதவி. நான் கண்கலங்கினேன்கூட.

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஏறியிருந்தது.

எல்லாருக்கும் குழப்பம். வேலைக்கே போகவில்லை, உப்பில்லை, எண்ணெயில்லை, பிறகு எப்படி ஏறும்? வார்டில் சேர்த்துவிட்டார்கள். என்னைத் திரைக்கு இந்தப் பக்கம் படுக்க வைத்துவிட்டு, அந்தப் பக்கம் எஸ்தரைத் தனியாக விசாரித்தார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாம குடிக்க வாய்ப்பு இருக்காம்மா?"

எஸ்தர் உடனே பதில் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள், யோசித்தாள். எனக்கு அந்த ஊசி குத்தினது பெரிசில்லை. இது குத்தியது.

அன்று சாயங்காலம் தலையணை சரி பண்ணுகிற சாக்கில் குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள்.

"கிட்ட வந்தது முத்தத்துக்குன்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

"சிரிக்காதீங்க. குடிச்சா குடிச்சேன்னு சொல்லிடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு நீங்க இருந்தா போதும்."

குடிக்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்துபோய்க் குடிக்கிறேனோ?

அடுத்த நாள் ரவுண்ட்ஸில் சின்ன டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் பேனா கசிந்து நீலம் பரவிக்கொண்டிருந்தது.

"டாக்டர், பாக்கெட்!"

"ஐயோ" என்று பேனாவை எடுத்தார். விரலெல்லாம் மை.

"கழட்டிக் குடுங்க சார். ரெண்டு நிமிஷத்துல எடுத்துடறேன்."

"சும்மா இருங்க" என்றாள் எஸ்தர். "டாக்டர் கோட்டுல கை வெச்சிக்கினு."

தொழில்காரனைத் தடுக்க முடியுமா? கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, துணிக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்த இருமல் மருந்து பாட்டிலை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சம்பந்தி வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கையோடு கொண்டுவந்திருந்தேன். துண்டு நுனியை நனைத்து, கறை மேல் ஒத்தி எடுத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த வங்காளத்து அம்மா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டார். நீலம் போயே போய்விட்டது.

"பாத்தீங்களா சார்?" என்றேன் பெருமையாக.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"தின்னர் சார்."

"இது ஏன் உங்க பையில இருக்கு?"

"கைக்கு சார். கலர் போறதுக்கு. பொண்ணு பாக்க வர்றாங்க."

"எத்தனை தடவை?"

"டெய்லிதான். ஊற வெச்சி எடுப்பேன்."

சின்ன டாக்டர் ஓடினார். இந்தத் தடவை நிஜமாகவே ஓட்டம். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டரம்மாவோடு வந்தார். டாக்டரம்மா பாட்டிலைத் தூரத்தில் வைத்தே மோந்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பெனியில கையுறை குடுக்கலையா?"

"குடுத்தாங்க மேடம். தின்னர்ல கரைஞ்சிபோச்சு."

அவர் சிரிக்கவில்லை.

"இதுல இருக்கிற சில சாமான் மூக்கு வழியா போறதவிட தோல் வழியா ஜாஸ்தி உள்ள போகும் சாமுவேல். தோல்ல ஊறி, ரத்தத்துல கலந்து, நேரா ஈரலுக்குப் போகும். அத சுத்தம் பண்றது ஈரல் வேலை. பண்ணப் பண்ண அதுவே அடிபடும்."

தோலில் எது ஊறும், எவ்வளவு நேரத்தில் ஊறும் என்பதுதான் என் பிழைப்பு. மாட்டுத் தோல், ஆட்டுத் தோல் எல்லாம் தெரியும். நானும் ஒரு தோலுக்குள்தான் இருக்கிறேன் என்று மட்டும் தோன்றவே இல்லை.

எஸ்தர் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அப்ப இவரு குடிக்கலியா?" என்றாள்.

"இல்லம்மா."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே போயும் போய்விட்டது. என் பக்கம் திரும்பினாள். "வாயால குடிக்காதவரு கையால குடிச்சிருக்கீங்க. அதுவும் டெய்லி. வூட்ல உக்காந்து, பேப்பர் படிச்சிக்கினு."

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ரஷீத் பாய் வந்தார். சட்டைக்குள் கையை விட்டு ஒரு புது பாட்டிலை எடுத்து, "எடுத்தாந்துட்டேன் தோஸ்த்" என்று கிசுகிசுத்தார். எஸ்தர் அதைப் பிடுங்கிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னோம். பாய் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானே குடுத்துட்டேனே, அல்லா. என் கையால."

"பாய், நீங்க குடுக்கலன்னா நானே போய் எடுத்திருப்பேன்."

அவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலேயே சுத்தமான கை. என்னைவிட மூன்று வருஷம் சீனியர்.

"அப்ப எங்க கையி?" என்றார் எஸ்தரிடம். "செக்‌ஷன்ல அத்தினி பேரு கையும்?"

சின்ன டாக்டர் அவருக்கும் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். பாய்க்குக் கொஞ்சம் ஏறியிருந்தது, என் அளவுக்கு இல்லை. செக்‌ஷனில் போய்ச் சொன்னபோது முதலில் எல்லாரும் சிரித்தார்களாம். அப்புறம் ஒவ்வொருத்தராக டிரம் பக்கம் போவதை நிறுத்தி, தேங்காயெண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட ஆரம்பித்தார்களாம். கலர் பாதிதான் போகும்.

இனி வரப்போகிறதுதான் எனக்குப் பிடிபடாத சமாச்சாரம். சின்ன டாக்டர் கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்து, டிஸ்சார்ஜ் கவரின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார்.

ஈரலில் வேலை செய்கிற செல்கள் ஒரு ரகம். அதுகளுக்கு நடுவில் இன்னொரு ரகம், நட்சத்திரம் மாதிரி கை கால் நீட்டிக்கொண்டு, கொஞ்சம் வைட்டமினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா தூங்கும். விஷம் வந்து வேலைக்காரச் செல்கள் உடைந்ததும் இதுகள் முழித்துக்கொள்ளும். உருவமே மாறிவிடும். காயத்தை மூட நார் நாராக இழுத்துக் கட்டும். அந்த நார்தான் தழும்பு.

"அந்த நாருக்குப் பேர் கொலாஜன்" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "சார், அது தோலு!"

"என்ன?"

"தோல்ல இருக்கிறதே அதுதான் சார். அதத்தான் நாங்க பதம் பண்றோம். அப்ப என் ஈரல் தோலாவுதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கிட்டத்தட்ட."

வெளியேயும் தோல் வேலை, உள்ளேயும் தோல் வேலை. என் வயிற்றுக்குள்ளேயே ஒரு ஃபாக்டரி, அதுவும் மூன்று ஷிஃப்ட்.

"சரி சார், இப்ப இன்னா பண்றது? அதுங்கள திரும்ப தூங்க வைக்கணுமா?"

"சிலது தூங்கப் போகும். நிறைய செத்துடணும்."

"செத்துடணுமா?"

"ஆமா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அதுக்கான ஏற்பாடு இருக்கு. வேலை முடிஞ்சா தன்னைத்தானே பிரிச்சு மடிச்சு முடிச்சுக்கும். உடையாது, கொட்டாது, சத்தம் போடாது. விஷம் பட்டு உடையறது வேற, அது விபத்து. இது திட்டம். இந்த நார் கட்டுற செல்லுங்க அப்படிப் போயிட்டா, கட்டின நாரும் கொஞ்சம் கொஞ்சமா கரையும். தழும்பு ஆறாதுன்னு சொல்லிட்டிருந்தாங்க. ஆறும்னு இப்பதான் தெரிய வருது."

நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சாகக் கூடாத செல் செத்ததால் எனக்கு வியாதி. சாக வேண்டிய செல் சாகாததால் வியாதி நிற்கவில்லை. ஒன்று சாகக் கூடாது, ஒன்று சாக வேண்டும், இரண்டும் ஒரே ஈரலில் பக்கத்துப் பக்கத்து வீடு. இதில் நான் எதற்காக ஜெபம் பண்ணுவது?

"அதுங்க ஏன் சார் இன்னும் சாவல?"

"நீங்க விடல. ஆர்டர் முடிஞ்சா ஆளுங்க வீட்டுக்குப் போவாங்க. நீங்க தினமும் புது ஆர்டர் அனுப்பிட்டு இருந்தீங்க."

இது எனக்குப் புரிந்தது. ஓவர்டைம்.

"ரொம்ப நாள் ஆன தழும்பும் கரையுமா சார்?"

"அதான் பயம். புதுசுன்னா கரையும். பழசானா நாருக்குள்ள முடிச்சு விழுந்து இறுகிடும். அப்ப ஒண்ணும் கரைக்காது."

அது எனக்கு நன்றாகவே தெரியும். பச்சைத் தோலை விட்டுவிட்டால் அழுகிக் கரைந்துபோகும். பதம் ஆகிவிட்டால் நூறு வருஷம் நிற்கும். என் ஈரல் பச்சையா, பதமா? அந்த ஒரு கேள்விதான் மிச்சம். காத்திருந்து, இன்னொரு தடவை ஊசி விட்டுத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

பெண் பார்க்க வந்தார்கள். தின்னரை விட்டதால் என் நகத்தடிக் கறை போகாமல் அப்படியே இருந்தது. 'ஸ்தோத்திரம்' என்று கூப்பினேன். மாப்பிள்ளையின் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைத்தான் பார்த்தார். காப்பி குடித்து முடித்ததும் கேட்டார்.

"ஃபினிஷிங்கா?"

"ஆமாங்க. கழுவினா போவும். டாக்டரு கழுவக் கூடாதுன்னுட்டாரு." கதையைச் சுருக்கமாகச் சொன்னேன், ஜோக் எல்லாம் சேர்த்து. ஜெபா உள்ளே தலையில் அடித்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க அண்ணன் ராணிப்பேட்டையில இந்த வேலதான் பாத்தாரு. வயிறு வீங்கிப் போயிட்டாரு. குடிச்சிதான் செத்தாருன்னு சொன்னாங்க. நாங்களும் அதையே சொன்னோம்."

"குடிப்பாருங்களா?"

"நான் ஒரு நாளும் பாத்ததில்ல" என்றார்.

அப்புறம் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

கம்பெனியில் என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. ரத்தத்தில் கொட்டின சரக்கு மாசா மாசம் கம்மியானது. ஆனால் அது வேலைக்காரச் செல்கள் உடைவது நின்றதைத்தான் காட்டும், தழும்பைக் காட்டாது என்றார் டாக்டர். நான் வலது விலாவில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே யாராவது சாகிறார்களா என்று கேட்டுப் பார்ப்பேன். சத்தம் வராது என்றுதான் சொல்லியிருந்தாரே. வராததை வைத்து எதையும் முடிவு பண்ண முடியவில்லை.

ஜெபா கல்யாணம் முடிந்து, அவள் மாசமாக இருந்த சமயத்தில் மறுபடி ஊசி. மறுபடி தோளில் வலி. இந்தத் தடவை சின்ன டாக்டர் என்னை லேப்புக்கே கூட்டிக்கொண்டுபோனார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப்.

"இது பழைய துண்டு. சாயம் போட்டதுல நீலமா தெரியறதுதான் தழும்பு. இப்ப புதுசு. வித்தியாசம் தெரியுதா?"

எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. தெரிகிறது என்று தலையாட்டினேன்.

"தெரியலைன்னா சொல்லுங்க."

"தெரியல சார்."

அவர் லென்ஸுக்குள் இடம் காட்டுகிற முள்ளை நகர்த்தினார். "இங்க பாருங்க. கயிறு மாதிரி இருந்தது நூலா ஆயிருக்கு. இங்க அறுந்திருக்கு. இங்கயும்."

அப்போது தெரிந்தது. கிழிந்த வலை மாதிரி.

"செத்ததுங்க எங்க சார்?"

"இருக்காது. மடிஞ்சதும் பக்கத்துச் செல்லுங்க எடுத்துத் தின்னுடும். தடமே இருக்காது."

"அடக்கம்கூட கெடையாதா?"

இந்தத் தடவை அவர் சிரித்தார். தழும்பு முழுசாகப் போகவில்லை, ஓரத்தில் பழசு கொஞ்சம் இறுகி நிற்கிறது, அது அப்படியே இருக்கும், அதோடு வாழலாம், தின்னர் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார்.

எஸ்தர் வெளியே பெஞ்சில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு வங்காளத்து அம்மா.

"இன்னாங்க சொன்னாரு?"

"செத்துட்டாங்களாம்."

"யாரு?"

"சாக வேண்டியவங்க."

"வெளையாடாதீங்க. தழும்பு போச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"கொஞ்சம் போச்சு. கொஞ்சம் கீது."

"அப்ப நீங்க?"

ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று தேடினேன். வரவில்லை.

"நான் கீறேன் எஸ்தர்" என்றேன்.

இத்தனை மாசமும் அழாதவள், முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த வங்காளத்து அம்மா யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். எஸ்தரைத் தோளோடு அணைத்து முதுகைத் தடவி, தன் பாஷையில் என்னவோ சொல்லி, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பதறிப்போய், யாரும் சாகவில்லை என்று கையை ஆட்டினேன். ஆட்டும்போதே, அப்படிச் சொல்வதும் சரியில்லையே என்று தோன்றியது. செத்திருக்கிறார்கள். அது நல்லது. அதனால்தான் இவள் அழுகிறாள். இதையெல்லாம் பாஷை தெரியாத ஒருவருக்குக் கையாலே எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. பேசாமல் போய் எஸ்தருக்கு இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்துகொண்டேன். அந்த அம்மா கையை நீட்டி என் முதுகையும் தடவிக் கொடுத்தார்.